எர்மெலிந்தாவின் மூக்கு

சான் லாசரோவில் எதுவும் சும்மா கெட்டுப்போகாது. கெடுகிற ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊரில் தனித்தனிச் சொல் உண்டு. பால் என்றால் வெட்டுப்பட்டது. பீன்ஸ் என்றால் புளித்தது. இறைச்சி கடந்துபோனது. ரொட்டி பூத்துவிட்டது. எண்ணெயும் வால்நட்டும் ரான்சியா, அதாவது சிக்கடித்தது. 'பால் கெட்டுப்போச்சு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லுகிறவளை எந்த நகரத்திலிருந்து வந்தவளோ என்று ஏற இறங்கப் பார்ப்பார்கள். எந்தச் சொல் பொருந்தும் என்று சந்தேகம் வந்தால் எர்மெலிந்தாவிடம்தான் போக வேண்டும். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோவாள், ஒரே இழுப்பு, தீர்ப்பு வந்துவிடும். கோயில் பாதிரியார்கூட திருப்பலி வைனை அவளிடம் காட்டியிருக்கிறார்.

அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. கணவன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது, பிள்ளை கிடையாது. சாப்பாட்டுக்கடை கணவன் வீட்டாருடையது. இப்போது கல்லாவில் உட்காருகிறவன் மைத்துனன் ஃபெர்மீன். கெட்டவன் இல்லை. ஆனால் வேலை செய்யாத கைக்குத் தட்டு வைக்கிற ரகமும் இல்லை. அடுப்பங்கரை எர்மெலிந்தாவின் கையில் இருக்கும்வரை அவள் அந்த வீட்டில் எஜமானி. அது போனால் பின்கட்டு அறையில் ஒரு கட்டிலும், ஓரகத்தி ஊற்றிக் கொடுக்கிற காப்பியும்தான். ஓரகத்தி என்றால் ஃபெர்மீனின் பெண்டாட்டி கசில்தா. இருபத்தாறு வயதுச் சிட்டு, வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது.

கடையின் பேரே ஆகஸ்டு மாதத்து நொகாதாவில்தான் நின்றது. கொழுத்த மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, உள்ளே கறியும் பழமும் திணித்து, முட்டை நுரையில் தோய்த்துப் பொரித்து, மேலே வெள்ளை வெளேரென்று வால்நட் அரைத்த சாற்றை ஊற்றி, மாதுளை முத்தைத் தூவினால் விருந்து. அந்த வெள்ளைச் சாறுதான் நொகாதா. ஒரு பானைச் சாற்றில் ஒரே ஒரு சிக்கடித்த வால்நட் விழுந்தாலும் போச்சு, நூறு பேர் வாயும் கசந்துபோகும். அதை மிளகாயில் மறைக்க முடியாது, சர்க்கரையில் மறைக்க முடியாது. மூக்குள்ள ஒருத்தி முன்கூட்டியே பிடித்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட மூக்கு போன குளிர்காலத்தில் செத்துப்போனது.

ஒரு காய்ச்சல் வந்து படுத்தாள், எழுந்தாள், அவ்வளவுதான். எழுந்த அன்று காலை காப்பியில் வெறும் சூடு மட்டும் இருந்தது. பூண்டை நசுக்கினாள், ஒன்றுமில்லை. வெங்காயத்தை வெட்டினாள், கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கில் ஒன்றும் வரவில்லை. கணவனின் பழைய கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். வெறும் கம்பளிதான். அன்றுதான் அழுதாள். அவன் செத்த அன்று அழுததைவிட அதிகம் அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். நாக்கில் உப்பும் புளிப்பும் கசப்பும் தங்கியிருந்தன, மற்றதெல்லாம் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பின்கட்டு அறைதானே.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எர்மெலிந்தா அதை ஆகஸ்டுவரை இழுத்துவிட்டாள், பாவம், எப்பாடுபட்டோ. பாலை விரலில் தொட்டு உருட்டிப் பார்ப்பாள். இறைச்சியை அழுத்திப் பார்த்து, குழி மீண்டு எழும்புகிறதா என்று கவனிப்பாள். முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா பார்ப்பாள். கேஸ் உருளை மாற்றினால், ஆள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வாயிலும் குழாயிலும் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்ப்பாள். எதற்கும் வழி தெரியாவிட்டால் கொண்டுவந்தவளின் முகத்தைப் பார்ப்பாள். மூக்கு இருக்கிற முகம் தானாகவே சுளித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொல்லை எல்லாம் கசில்தாவால்தான். அந்தப் பெண் எதைப் பார்த்தாலும் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். இந்தப் பாலைக் கொஞ்சம் பாருங்கக்கா, இந்தக் கறி கடந்துபோச்சா சொல்லுங்கக்கா, இந்தப் பாலாடைக்கட்டிக்கு என்ன பேருக்கா. முகத்தையும் சுளிக்க மாட்டாள், வெள்ளரிக்காய்போல் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவள் நீட்டிய பாலுக்கு எர்மெலிந்தா வெட்டுப்பட்டது என்று சொல்லிவிட்டாள். அடுப்பில் வைத்ததும் அது அழகாகப் பொங்கியது. கசில்தா பொங்கிய பாலைப் பார்த்தாள், எர்மெலிந்தாவைப் பார்த்தாள், பாலை இறக்கி வைத்தாள். அன்றிலிருந்து எர்மெலிந்தாவுக்குத் தூக்கம் போயிற்று. இவள் என்னைச் சோதிக்கிறாள். தெரிந்துகொண்டே சோதிக்கிறாள். அடுப்பங்கரைக்குக் கண் வைத்துவிட்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே.

இந்த வருஷம் மலையும் சரியில்லை. எங்கள் ஊருக்கு மேலே புகைந்துகொண்டே நிற்கிறதே, அந்த எரிமலைக் கிழவன், கோடை முழுக்க இருமிக்கொண்டே இருந்தான். பூவெடுத்த வால்நட் மரங்களின் மேல் சாம்பல் கொட்டியது. காய் பிடிக்கவில்லை. ஊர்த் திருவிழாவான புனித அகுஸ்தீன் திருநாளுக்கு முந்தின நாள் வால்நட்காரி எனெதினா வந்தபோது அவள் மூட்டை வழக்கத்தில் பாதிதான் இருந்தது.

நொகாதா அரைக்கிறவள் வாங்குமுன் ஒரு வால்நட்டைக் கடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். முற்றத்தில் பெண்கள் தோலுரிக்கத் தயாராக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பால் சட்டிகளும் தயாராக இருக்கும். அவள் மென்று விழுங்கினால் வேலை தொடங்கும். துப்பினால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான், அதற்குப்பிறகு அந்த வால்நட்டை ஊரில் யாரும் தொட மாட்டார்கள்.

எர்மெலிந்தா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கல்லை மெல்லுகிற மாதிரி மென்றாள். தோலின் கசப்பு மட்டும் வந்தது, அது புதுக் காயிலும் வரும், பழசிலும் வரும். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எனெதினாவின் முகத்தைப் பார்த்தாள். எனெதினா அந்த நேரம் பார்த்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துத் தலைமுறையாகத் தலைக்கு மேல் நிற்கிற மலையை இப்போது பார்ப்பானேன்? எர்மெலிந்தா துப்பினாள்.

"போன வருஷத்துக் காயைக் கலந்திருக்கே, எனெதினா. பாலில் ஊறப்போட்டு வெளுப்பாக்கிக் கொண்டாந்திருக்கே."

எனெதினா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். சாம்பலைத் திட்டினாள், மரத்தைத் திட்டினாள், ஆமாம் கலந்தேன் என்றாள். பெண்கள் ஆவென்று பார்த்தார்கள். கசில்தா கையைத் தட்டியே விட்டாள். பிறகு எனெதினா தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல காயை அரைமூட்டை கொண்டுவந்து கொட்டினாள், கொட்டும்போது அவள் மலையைப் பார்க்கவில்லை, எர்மெலிந்தாவை நேராகப் பார்த்தாள், வேலை நடந்தது.

தோலுரித்துக்கொண்டே கசில்தா கேட்டாள், வால்நட் கெட்டுப்போகுமா அக்கா, நான் அதைக் கல்லு மாதிரி என்றல்லவா நினைத்தேன் என்று. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி, கொட்டை கெடாது, வயசாகும், அவ்வளவுதான் என்றாள். இன்னொருத்தி, பழைய வால்நட்டைத் தின்று யாரும் செத்ததில்லை என்றாள். எர்மெலிந்தா கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"எல்லாம் கெடும். கொட்டைக்கு உள்ளேயே எண்ணெய் இருக்கு, அதுதான் அதுக்கு எமன். வெளியே ஒண்ணும் தெரியாது. ஓடு அப்படியே இருக்கும், பருப்பு அப்படியே இருக்கும். மூடி வெச்ச அலமாரியைத் திறந்தா வர்ற வாடை. பழைய மெழுகுவத்தி, சாயம், கழுவாத எண்ணெய்ச் சட்டி."

அவள் வாடைகளைப் பற்றிச் சொல்வது செத்துப்போன சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. கசில்தா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எர்மெலிந்தா அந்த முகத்தை நம்பவில்லை.

திருநாள் காலை. எல்லாரும் பூசைக்குப் போய்விட்டார்கள், ஃபெர்மீனும் போய்விட்டான். பூசை முடிந்து ஊர்ப் பெரியவர்கள் நேராகக் கடைக்கு வந்து உட்காருவார்கள். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். மலை மறுபடி இருமியது, சாம்பல் தூறலாக விழ ஆரம்பித்தது. எர்மெலிந்தா அடுப்பங்கரை ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாள். நொகாதாவில் சாம்பல் விழுந்தால் என்ன ஆகும்?

கேஸ்காரன் அந்த நேரத்தில்தான் வந்தான். முந்தின நாள் கறி வேகும்போதே உருளை தீர்ந்திருந்தது. அவன் உள்ளே வந்து மாட்டுகிறேன் என்றான். எர்மெலிந்தா வாசலிலேயே மறித்துவிட்டாள். உரித்த வால்நட் பாலில் கிடக்கும்போது வேற்றாள் கண் படக் கூடாது, பட்டால் நொகாதா திரிந்துவிடும். இது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அரைக்கிறவள் கதவைத் தாழிட்டால் அரைத்து முடியும்வரை சொந்தப் புருஷனுக்குக்கூடத் திறக்க மாட்டாள்.

அவன் உருளையை வாசற்படியில் வைத்தான். உருளை வாயில் ரப்பர் வாஷர் பழசாயிருக்கிறது, மாட்டினபிறகு சோப்பு நுரை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான். கசில்தா இரண்டடி தள்ளித் துவைக்கிற கல்லில் மிளகாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். சோப்பு அவள் பக்கத்தில் இருந்தது.

"சோப்பு எதுக்குப்பா? எனக்கு மூக்கு இல்லையா?" என்றாள் எர்மெலிந்தா.

கசில்தா சிரித்தாள். அவங்க மூக்குக்கு முன்னாடி உன் சோப்பு எம்மாத்திரம் என்று கேஸ்காரனைக் கேலி செய்தாள். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

எர்மெலிந்தா உருளையை உள்ளே உருட்டி, கதவோரம் நிறுத்தி, குழாயை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். சோப்பு வேண்டும்தான். கசில்தா அந்தப் பக்கம் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவிடுக்கில் பார்த்தாள். கசில்தா போகிற வழியாக இல்லை. மிளகாயைக் கழுவினாள், அடுக்கினாள், பாட்டுப் பாடினாள், மறுபடி கழுவினாள். மணி அடித்தது, பூசை தொடங்கிவிட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தானே முறுக்கினேன் என்று எர்மெலிந்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உருளையின் வாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, கட்டைத் தாழைப் போட்டாள்.

பிறகு தரையில் மண்டியிட்டு அரைக்க ஆரம்பித்தாள். கல்லின் மேல் கல் உருண்டது. வால்நட், ஆட்டுப்பால் கட்டி, ஒரு கை பாதாம், பால். சமையல்காரர்களின் புனிதர் பாஸ்குவால் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முன்னால் மெழுகுவத்தி ஏற்றாமல் நின்றது. நொகாதா முடிந்தபிறகுதான் அவருக்கு வெளிச்சம், அதுவும் வழக்கம். வெளியே கோயில் முற்றத்தில் வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், வாணங்கள் வெடித்தன.

அவளுக்குத் தலை கனத்தது. வெறும் வயிற்றோடு குனிந்து அரைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பால் சட்டியைச் சுற்றிக்கொண்டிருந்த ஈ ஒன்று தரையில் விழுந்து மல்லாக்கக் கிடந்தது. சாம்பல்தான் காரணம் என்று அதையும் பெருக்கித் தள்ளினாள். நெற்றிப்பொட்டு விண்விண் என்றது. அரைத்து முடித்தபோது நொகாதா மணமகளின் முக்காடுபோல் வெள்ளையாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பு, உப்பு, வழவழப்பு. அதற்குமேல் அவளுக்குக் கொடுப்பினை இல்லை.

முட்டைகளை உடைத்து வெள்ளையைத் தனியாகவும் மஞ்சளைத் தனியாகவும் வைத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உடைத்தாள். கறியைச் சூடு பண்ண வேண்டும். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். தீப்பெட்டியை எடுத்தாள்.

"அக்கா," என்றது கதவுக்கு வெளியே கசில்தாவின் குரல். "கூமுட்டை நாத்தம் வருதுக்கா. குப்புன்னு. முட்டை எல்லாம் சரியா இருக்கா?"

எர்மெலிந்தாவின் கை தீப்பெட்டியோடு நின்றது. கிண்ணங்களைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள்கள் கெட்டியாக, உருண்டையாக, பளபளவென்று நின்றன. வெள்ளை தெளிவாக இருந்தது. கூமுட்டை ஒன்றாவது இருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஆக, இது சோதனை. பாலில் தொடங்கியவள் இன்றைக்கு, ஊரே வரப்போகிற நாளில், கணக்கைத் தீர்க்க வந்துவிட்டாள்.

என்ன பதில் சொல்வது? நாற்றம் ஏதும் இல்லையே என்று சொல்லலாம். ஆனால் உண்மையிலேயே ஏதாவது நாறிக்கொண்டிருந்தால் அத்தோடு அவள் கதை முடிந்தது. ஆமாம், நாறுகிறது என்று சொல்லலாம். இவள் சும்மா கிளப்பிவிட்டதாக இருந்தால் அப்போதும் முடிந்தது. பால் விஷயத்தில் மாட்டிக்கொண்டது அப்படித்தான். எர்மெலிந்தாவுக்கு வேர்த்தது. வாழ்ந்த நாள் பூராவும் சேர்த்த பேர், ஒரு பொடிப்பெண் கதவுக்கு வெளியே நின்று கேட்கிற ஒரு கேள்வியில் தொங்கியது. அவளை அந்த நேரம் அவ்வளவு வெறுத்தாள்.

நடுவிலே ஒரு வழி இருந்தது. எர்மெலிந்தா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கூமுட்டையா இருந்துச்சு," என்றாள். "எடுத்துத் துணியிலே சுத்தி வெச்சிட்டேன். நீ போய் உன் வேலையைப் பாரு."

"அதானே பார்த்தேன்," என்றாள் கசில்தா. அவள் குரலில் நிம்மதி வழிந்தது. "நான் கேஸோன்னு பயந்தே போயிட்டேன்க்கா. இந்த வருஷம் இந்தச் சாம்பல் ஏறினதுலேருந்து என் மூக்கு நட்டுவெச்ச கட்டை மாதிரி ஆயிருச்சு, பாலு நல்லதா கெட்டதான்னுகூடத் தெரியல. அதான் எதுக்கெடுத்தாலும் உங்ககிட்ட ஓடியாறேன். இன்னிக்கு எனக்கே வந்துச்சுன்னா எவ்வளவு நாத்தம் பாருங்க. நீங்க உள்ள இருக்கும்போது எனக்கென்ன பயம். சரி, மிளகாய் சுட இங்கேயே அடுப்பை மூட்டறேன்."

எர்மெலிந்தா அப்படியே நின்றாள். கூமுட்டை எதுவும் இல்லை. அது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாத்தியம் ஓய்ந்திருந்தது. அப்போதுதான் அது கேட்டது, கதவோரமிருந்து, உறங்குகிறவன் மூச்சுவிடுகிற மாதிரி மெல்லிய ஒரு சீறல். தீப்பெட்டியைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டாள். விழுந்தடித்துப் போய் உருளையின் வாயைத் திருகி அடைத்தாள். சீறல் நின்றது. ஆனால் வந்தது எல்லாம் வந்தாயிற்று. அரைத்த நேரம் முழுக்க வந்திருக்கிறது. தரை நிறைய இருக்கிறது, கதவுக்கு அடியில் வழிந்து வெளியே படிக்கட்டில் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே கசில்தா கரியடுப்பை இழுக்கிற சத்தம் கேட்கிறது.

அந்த நேரத்திலும் அவள் நாக்கு பழக்கத்தை விடவில்லை.

"இப்ப மூட்டாதே, கசில்தா. புகை உள்ளே வந்தா நொகாதா வீணாயிடும்."

"சரிக்கா, கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறேன்," என்றாள் கசில்தா. அடுப்பு கல்லில் உரசிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. பெட்டியில் குச்சிகள் குலுங்கின.

எர்மெலிந்தா கட்டைத் தாழைப் பிடித்துத் தூக்கினாள். தாழ் மழைக்காலத்து ஈரத்தில் ஊதி இறுகியிருந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ஆனால் குளிர்காலத்திலிருந்து தொண்டையில் அடைத்துக்கிடந்ததுதான் முதலில் வெளியே வந்தது.

"கசில்தா, எனக்கு மூக்கே இல்லடி. வாசனையே தெரியாது எனக்கு. காய்ச்சல் வந்ததுலேருந்து எதுவுமே தெரியாது."

வெளியே கசில்தா சிரித்தாள். களங்கமில்லாத சிரிப்பு, கேட்பதற்கு நன்றாக இருந்தது.

"போங்கக்கா, நேத்து எனெதினாவை அழ வெச்சுட்டு இன்னிக்கு இந்தப் பேச்சா. ஊருலேயே மூக்குன்னு இருக்கறது உங்களுக்கு மட்டும்தான்."

எர்மெலிந்தா தாழைத் தோளால் முட்டினாள். கேஸ் என்று கத்த வாயைத் திறந்தாள். வெளியே தீக்குச்சி உரசுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவளுக்குக் காதில் எந்தக் குறையும் கிடையாது.